எஞ்சின் என்ற வார்த்தை யாருக்குச் சொந்தம்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைய வகுப்பில் போனஸைப் பற்றியோ பஞ்சப்படியைப் பற்றியோ நாம் பேசப்போவதில்லை. ஒரே ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசப்போகிறோம். அது இங்கிலீஷ் வார்த்தை. ஆனால் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த வார்த்தை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் பாட்டிமார்கூட அதைத் தாராளமாகச் சொல்வார்கள். அதுதான் ‘எஞ்சின்’.

ரயிலை இழுப்பது எஞ்சின். கிணற்றுத் தண்ணீரை இறைப்பது ஆயில் எஞ்சின். லாரி நடுரோட்டில் நின்றுபோனால் ‘எஞ்சின் வேலை’ என்கிறோம். இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பஞ்சாலைக்குப் பேச்சுவார்த்தைக்காக நாங்கள் போயிருந்தோம். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே புது மெஷின் வந்திருந்தது. நான்கு பேர் பார்த்த வேலையை இனி இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. அப்படியானால் கூலியைக் கூட்டித் தாருங்கள் என்றோம். நிர்வாகத்தின் சார்பில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். ‘வேலை செய்வது மெஷின் ஐயா! உங்கள் ஆள் சும்மா பக்கத்தில் நிற்கிறான். நிற்பதற்கு எதற்குக் கூடுதல் கூலி?’ என்றார்.

எங்களோடு வந்திருந்த ஒரு தோழர் இருபத்தைந்து வருஷம் சைடு பார்த்தவர். அவருடைய முகம் சிவந்துவிட்டது. ஆனால் வாயில் பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் வரவில்லை. வெளியே வந்த பிறகு யோசித்தோம். அந்தப் பதில் ‘எஞ்சின்’ என்ற வார்த்தைக்குள்ளேயே கிடக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அதைத்தான் இன்று உங்கள் முன் எடுத்து வைக்கிறோம்.

முதல் அர்த்தம்: புத்தி

எஞ்சின் என்ற வார்த்தைக்கு மூலம் லத்தீன் பாஷை. ரோமாபுரிக்காரர்கள் ‘இன்ஜீனியம்’ என்றார்கள். அதற்கு இரும்பு என்றோ சக்கரம் என்றோ அர்த்தமில்லை. உள்ளே பிறந்தது, அதாவது மனிதனோடு கூடப் பிறந்த அறிவு, திறமை என்று அர்த்தம். புத்திசாலித்தனத்தைக் குறிக்க இங்கிலீஷில் வழங்கும் ‘இன்ஜீனியஸ்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான்.

லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்குப் போயிற்று. 1066-ல் பிரான்சிலிருந்து நார்மன்கள் படையெடுத்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சுப் பேச்சு நடந்தது. அந்த வழியாகத்தான், 1300-ம் ஆண்டையொட்டி, ‘எஞ்சின்’ இங்கிலீஷில் நுழைந்தது. அப்போதும் அதற்கு முக்கியமான அர்த்தம் புத்தி, சாமர்த்தியம் என்பதுதான். 1400-ல் காலமான ஆங்கிலக் கவி சாஸர், மனிதனின் ஞாபகசக்தியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அதோடு சேர்த்து ‘எஞ்சின்’ என்பதையும் ஒரு மனோசக்தியாகச் சொல்கிறார்.

ஆக, ஆதியில் எஞ்சின் இருந்த இடம் மனிதனின் தலை! இதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். தலையில் இருந்த எஞ்சின் எப்படிக் கொட்டகைக்குப் போயிற்று, கொட்டகைக்காரனுக்கு எப்படிச் சொந்தமாயிற்று என்பதுதான் இன்றையக் கதை.

பொறியும் கண்ணியும்

புத்தியால் செய்த காரியத்துக்கும் புத்தியின் பெயரே வந்தது. கோட்டையை உடைக்கக் கல் எறியும் கருவிக்கு எஞ்சின் என்று பெயர். 1304-ல் இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் கோட்டையை முற்றுகையிட்டபோது இப்படிப்பட்ட ராட்சதக் கருவிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார். இவற்றைச் செய்தவனுக்குத்தான் முதன்முதலில் ‘எஞ்சினியர்’ என்று பெயர். பாலமும் ரோடும் போடுகிறவரைச் ‘சிவில் எஞ்சினியர்’ என்று அழைப்பது பிற்பாடு, 18-ம் நூற்றாண்டில் வந்த வழக்கம். யுத்தத்துக்கு அல்ல, ஊர்ஜனங்களின் காரியத்துக்கு என்று காட்டவே அந்தச் ‘சிவில்’.

மிருகம் பிடிக்கும் கண்ணிக்கும் எஞ்சின் என்றே பெயர். இங்கே விவசாயத் தொழிலாளத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1828-ல் இங்கிலாந்துப் பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டது. பண்ணையார்களின் நிலத்தில் இரவு நேரத்தில் துப்பாக்கி, வலை, ‘எஞ்சின்’ முதலியவற்றோடு வேட்டைக்கு நுழைகிறவனுக்குத் தண்டனை. முதல் தடவை மூன்று மாதம் வரை கடுங்காவல். மூன்றாவது தடவை பிடிபட்டால் ஏழு வருஷம் கடல் கடந்து நாடுகடத்தலாம். அந்த எஞ்சின் என்ன? முயல் பிடிக்கும் சுருக்குக் கண்ணி! குழந்தைகளுக்கு ஒரு வேளைக் கறி வேண்டும் என்று கண்ணி வைத்த கூலிக்காரனின் புத்தி குற்றமாயிற்று. அந்தக் காட்டையெல்லாம் வேலி போட்டு வளைத்தவனின் புத்திக்குச் சொத்து என்று பெயர்.

நம் தமிழிலும் ஒரு வார்த்தை இதே பாதையில் நடந்திருக்கிறது. ‘பொறி’ என்கிறோம். கண், காது முதலிய ஐந்தும் ஐம்பொறி. எலி பிடிப்பது எலிப்பொறி. மதுரைக் கோட்டை மதிலின்மேல் எதிரியைத் தாக்க நின்ற கருவிகளைச் சிலப்பதிகாரம் பொறி என்றே சொல்கிறது. இன்று எஞ்சினியருக்குத் தமிழ் ‘பொறியாளர்’. உடம்பின் அறிவு, கண்ணி, போர்க்கருவி, யந்திரம் ஆகிய நான்கையும் ஒரே வார்த்தை தாங்குகிறது. அங்கேயும் இங்கேயும் ஜனங்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். கருவி என்பது கைக்கு வந்த புத்தி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கரும்பாலைக்கு வந்த பெயர்

ஸ்பானிஷ் பாஷையில் இதே லத்தீன் வார்த்தை ‘இன்ஹேனியோ’ என்று ஆயிற்று. அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று புத்தி. மற்றொன்று கரும்பாலை. போர்த்துகீசிலும் ‘எஞ்ஞேனியோ’ என்றால் அதே இரண்டு அர்த்தம்தான்.

வேடிக்கை என்னவென்றால், நம் சங்க நூலான ஐங்குறுநூறும் கரும்பு பிழியும் ஆலையை ‘எந்திரம்’ என்றே சொல்கிறது. எந்திரம் வடமொழி வழியாக வந்த வார்த்தை. கட்டுப்படுத்துவது என்பது அதன் வேர். பயறு உடைக்கும் திரிகைக்கல்லையும் நம் கிராமங்களில் எந்திரம் என்பார்கள். எத்தனையோ நாட்டுக்கு அப்பால் இருந்த ஜனங்கள் ஆலையைப் பார்த்ததும் புத்தியின் பெயரை வைத்தார்கள் என்றால், அந்த வேலைக்கு எவ்வளவு நுணுக்கம் தேவைப்பட்டிருக்க வேண்டும்!

ஆனால் கியூபாவிலும் பிரேஸிலிலும் அந்தப் புத்திக்கூடத்தில் நின்றவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். கரும்பை வெட்டியவர்கள் அவர்கள். உருளைக்குக் கரும்பைக் கொடுத்தவர்கள் அவர்கள். சாறு எப்போது பதமாகும் என்று கொதிக்கும் கொப்பரையைப் பார்த்தே சொன்னவர்களும் அவர்கள்தான். கியூபாவில் 1886 வரையிலும், பிரேஸிலில் 1888 வரையிலும் அடிமைமுறை நீடித்தது. ஆலைக்குப் பெயர் ‘புத்தி’. அதன் எஜமானனுக்குப் பிரேஸிலில் ‘எஞ்ஞேனியோவின் பிரபு’ என்று பட்டம். கொப்பரை முன் நின்றவனுக்குப் பட்டமும் இல்லை, கூலியும் இல்லை.

தீ எஞ்சின்

இனி நாம் அறிந்த எஞ்சினுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் ஊறிற்று. குதிரைகளைக் கட்டி இறைத்தும் மாளவில்லை. தாமஸ் நியூகாமன் என்பவர் டார்ட்மவுத் ஊரில் இரும்புச் சாமான் வியாபாரி. அவர் 1712-ல் டட்லி என்ற ஊருக்குப் பக்கத்தில் நீராவியால் தண்ணீர் இறைக்கும் எஞ்சினை நிறுத்தினார். அதற்கு அன்றைய பெயர் ‘பயர் எஞ்சின்’, தீ எஞ்சின். தீயால் வேலை செய்வதால் அந்தப் பெயர். இன்று அதே பெயர் தீயை அணைக்கும் வண்டிக்கு!

கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கருவிகள் செய்துகொண்டிருந்தவர் ஜேம்ஸ் வாட். நியூகாமன் எஞ்சினின் ஒரு சிறு மாதிரி அவரிடம் ரிப்பேருக்கு வந்தது. நீராவி ஏன் இவ்வளவு வீணாகிறது என்று அவர் யோசித்தார். நீராவியைக் குளிரவைக்கத் தனிப் பாத்திரம் வைத்தார். 1769-ல் காப்புரிமை கிடைத்தது. 1785-ல் இங்கிலாந்தின் பேப்பில்விக் என்ற ஊரில் ஒரு நூற்பாலையை வாட்டின் எஞ்சின் ஓட்டிற்று. அதன் பின் ஆலைகள் ஆற்றங்கரையைத் தேட வேண்டியதில்லை. நிலக்கரி வந்துசேரும் இடத்திலெல்லாம் கட்டலாம் என்று ஆயிற்று.

ரயில் எஞ்சினோடு பெயர் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டீபன்சன் யார் தெரியுமா? நிலக்கரிச் சுரங்கத்தில் எஞ்சினுக்குக் கரி தள்ளியவரின் மகன். பதினெட்டு வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேலை முடிந்து இரவுப் பாடம் படித்துத்தான் கற்றுக்கொண்டார். ஆம் தோழர்களே, இப்போது நாம் உட்கார்ந்திருக்கும் இதே மாதிரி இரவு வகுப்பில்! அவர் ஓட்டிப் பழகிய எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, பூட்டிப் பார்த்துத்தான் எஞ்சினியரானார். இங்கே சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு 1856-ல் முதல் பாசஞ்சர் ரயில் புறப்பட்டபோது, அதற்குப் பின்னால் இப்படி எத்தனையோ கைகளும் தலைகளும் இருந்தன.

இந்த இடத்தில் ஒரு வழக்கையும் சொல்லிவிடுவோம். எண்ணெயையோ கரியையோ எரித்து ஓடுவதற்கு இங்கிலீஷில் பெரும்பாலும் எஞ்சின் என்பார்கள். மின்சாரத்தில் ஓடுவதற்கு மோட்டார் என்பார்கள். மோட்டார் என்றால் அசைப்பது என்று அர்த்தம். ஆனால் அவர்களே ‘மோட்டார் கார்’ என்று சொல்லி, அதற்குள் எஞ்சினை வைத்துக் குழப்புவார்கள். நம் கிராமத்தில் குழப்பமே இல்லை! 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் வந்து, மின்கம்பி வயல்களுக்குப் பரவிய பிறகு, கிணற்றடியில் இருப்பது ‘ஆயில் எஞ்சினா, கரண்டு மோட்டாரா’ என்று நம் ஜனங்கள் தெளிவாகக் கேட்டார்கள். டீசல் குழாயில் காற்றுப் பிடித்துக்கொண்டால் எந்தத் திருகை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு எந்தச் சர்டிபிகேட்டும் தேவைப்படவில்லை.

தலை போன வார்த்தை

பருத்திச் சீமையிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு ‘ஜின் பாக்டரி’ தெரியும். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இடம். அந்த ‘ஜின்’ என்ன வார்த்தை? எஞ்சின்தான். முன்னெழுத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சொல்கிறார்கள்!

இரண்டு உருளைகளுக்கு நடுவே பருத்தியைக் கொடுத்துக் கையால் சுற்றிக் கொட்டை நீக்கும் மரக் கருவி நம் நாட்டில் வெகு காலமாக உண்டு. ஆனால் அமெரிக்காவின் தென்பகுதியில் உள்நாட்டு மேட்டு நிலத்தில் விளைந்த பருத்தி குட்டை இழைப் பருத்தி. அதன் கொட்டை பஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உருளைக்கு மசியவில்லை. ஒரு ஆள் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் ஒரு ராத்தல் பஞ்சுதான் சுத்தம் செய்ய முடியும்.

1793-ல் எலி விட்னி என்பவர் ஜார்ஜியா மாகாணத்தில் ஒரு ஜின் செய்தார். ஒரு உருளையில் கம்பிப் பற்கள். அவை குறுகலான சந்து வழியாகப் பஞ்சை இழுக்கும். கொட்டை சந்துக்குள் நுழைய முடியாமல் கீழே விழும். இதைக் கொண்டு ஒரு ஆள் நாளுக்கு ஐம்பது ராத்தல் வரை சுத்தம் செய்யலாம் என்றார்கள்.

ஐம்பது மடங்கு! அப்படியானால் என்ன நடந்திருக்க வேண்டும்? நியாயமாகப் பார்த்தால், அடிமைகளின் முதுகு சற்று நிமிர்ந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? கொட்டை எடுப்பது சுலபமானதும், பருத்தி பயிரிடுவது கொள்ளை லாபமாயிற்று. இங்கிலாந்தின் ஆலைகள் எவ்வளவு பஞ்சு வந்தாலும் விழுங்கத் தயாராக இருந்தன. காட்டை அழித்துப் பருத்தி போட்டார்கள். களையெடுக்கவும் காய் பறிக்கவும் ஆள் வேண்டும். ஜின் பறிக்காது அல்லவா? 1790-ல் அமெரிக்காவில் இருந்த அடிமைகள் சுமார் 7 லட்சம். 1860-ல் ஏறத்தாழ 40 லட்சம். 1808-ல் வெளியிலிருந்து அடிமைகளை இறக்குவது தடை செய்யப்பட்டது. ஆனால் உள்நாட்டுக்குள்ளேயே தாயை ஒரு பண்ணைக்கும் பிள்ளையை மற்றொரு பண்ணைக்கும் விற்றார்கள். 1865-ல்தான், நான்கு வருஷ உள்நாட்டு யுத்தத்துக்குப் பின், அந்தக் கொடுமை சட்டப்படி ஒழிந்தது.

ஜின் செய்த பாவமா இது? கம்பிப் பல்லுக்குப் பாவ புண்ணியம் ஏது! வேலையைக் குறைக்கும் கருவி, வேலை வாங்குகிறவன் கையில் இருந்தது. அதுதான் காரணம்.

நெட் என்ற அடிமை

இந்தக் கதையில் நெஞ்சைச் சுடும் ஒரு சம்பவம் உண்டு.

மிஸிஸிப்பி மாகாணத்தில் ஆஸ்கர் ஸ்டூவர்ட் என்ற பண்ணை முதலாளி இருந்தார். அவரிடம் அடிமையாக இருந்தவர் நெட். பருத்திப் பாத்தியின் இரு புறத்தையும் ஒரே சமயத்தில் செதுக்கிவரும் ஒரு கருவியை நெட் கண்டுபிடித்தார். நாளெல்லாம் அந்தப் பாத்தியில் குனிந்து நின்றவனுக்குத்தானே அது தோன்றும்! 1857-ல் ஸ்டூவர்ட் அதற்குக் காப்புரிமை கேட்டு எழுதினார். யார் பெயரில்? தன் பெயரில்! அடிமையின் கை உழைப்பு எஜமானனுக்குச் சொந்தமென்றால், மூளை உழைப்பும் எஜமானனுக்கே சொந்தம் என்று வாதாடினார்.

1858-ல் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை வக்கீல் தீர்ப்பாகச் சொன்னது இது: அடிமை கண்டுபிடித்த கருவிக்குக் காப்புரிமை கிடையாது. அடிமை பிரஜை அல்ல, ஆகவே அவனுக்குக் கிடையாது. எஜமானன் கண்டுபிடிக்கவில்லை, ஆகவே அவனுக்கும் கிடையாது. காப்புரிமை கிடைக்காவிட்டால் என்ன? ஸ்டூவர்ட் அந்தக் கருவியைச் செய்து விற்கவே செய்தார்.

எஞ்சின் என்றால் கூடப் பிறந்த புத்தி என்று பார்த்தோம். நெட்டோடு கூடப் பிறந்த புத்தி நெட்டுக்குச் சொந்தமில்லை என்று சர்க்காரே எழுதி வைத்தது. பேச்சுவார்த்தை மேஜையில் நாங்கள் கேட்ட வார்த்தைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். ‘உங்கள் ஆள் சும்மா நிற்கிறான்’ என்பதற்கு என்ன அர்த்தம்? அவனுக்குக் கை உண்டு, கால் உண்டு, தலை கிடையாது என்று அர்த்தம். இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள் தொழிலாளிகளை ‘ஹாண்ட்ஸ்’, அதாவது ‘கைகள்’ என்றே அழைத்தார்கள். புத்தியின் பெயர் யந்திரத்துக்குப் போயிற்று. மனிதனுக்கு மிஞ்சியது கை!

இரும்பு மனிதன்

நம் நூற்பாலைத் தொழிலிலேயே இதைப் பார்க்கலாம். 1779-ல் சாமுவேல் கிராம்ப்டன் என்ற நெசவுக் குடும்பத்துப் பிள்ளை மெல்லிய நூல் நூற்கும் ஒரு யந்திரம் செய்தார். இருவகை யந்திரங்களின் கலப்பு என்பதால் அதற்கு ‘மியூல்’, கோவேறு கழுதை என்று பெயர். சந்தா வசூலித்துத் தருகிறோம் என்று முதலாளிகள் வாக்களித்ததை நம்பி, அவர் ரகசியத்தைத் திறந்து காட்டினார். கிடைத்தது சுமார் 60 பவுன்! மியூலால் எத்தனையோ பேர் கோடீஸ்வரர்களான பிறகு, 1812-ல் பார்லிமெண்டு அவருக்கு 5,000 பவுன் கொடுத்து வாயை மூடிற்று.

அதே 1812-ல் மற்றொரு சட்டமும் வந்தது. காலுறை பின்னும் சட்டங்களை உடைக்கிறவனுக்குத் தூக்குத் தண்டனை! 1811-லிருந்து நாட்டிங்ஹாம் பக்கத்தில் பின்னல் தொழிலாளிகள் இரவில் கூடிச் சட்டங்களை உடைத்து வந்தார்கள். லுட்டைட்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். யந்திரத்தைக் கண்டு மிரண்ட மூடர்கள் என்று அவர்களைப் பற்றி எழுதுவது வழக்கம். அது சரியல்ல. கண்ட யந்திரத்தையெல்லாம் அவர்கள் உடைக்கவில்லை. கூலியை வெட்டி, மட்டச் சரக்குப் போட்ட முதலாளிகளின் சட்டங்களைப் பார்த்து உடைத்தார்கள். பிரபுக்கள் சபையில் கவி பைரன் எழுந்து அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். ஆனாலும் அது நிறைவேறிற்று.

அவர்களுடைய கோபம் நியாயமானது. வழி உதவவில்லை. யந்திரத்தை உடைத்தால் முதலாளி வேறொன்று வாங்குவான். உடைத்தவன் திரும்ப வரமாட்டான்.

அடுத்த தலைமுறை வேறு வழியைக் கண்டது. மியூலை ஓட்டிய நூற்பாளிகள் சங்கம் கட்டி வேலைநிறுத்தம் செய்தார்கள். உடனே முதலாளிகள் ரிச்சர்டு ராபர்ட்ஸ் என்ற யந்திர நிபுணரிடம் ஓடினார்கள். நூற்பாளி இல்லாமல் தானே ஓடும் மியூல் வேண்டும் என்றார்கள். 1825-ல் அவர் அதைச் செய்து, 1830-ல் செம்மைப்படுத்தினார். தொழிலாளிகள் அதற்கு வைத்த பெயர் ‘இரும்பு மனிதன்’. ஆலை முதலாளிகளின் புகழ்பாடியான ஆண்ட்ரூ யூர் 1835-ல் எழுதிய புத்தகத்தில், தொழிலாளரை அடக்கி ஒழுங்குக்குக் கொண்டுவரப் பிறந்தது என்று அதைக் கொண்டாடினார். பார்த்தீர்களா! சில யந்திரங்கள் நூல் நூற்க மட்டும் பிறப்பதில்லை. சங்கத்தை உடைக்கவும் பிறக்கின்றன.

ஆனால் நடந்தது என்ன? இரும்பு மனிதனுக்கும் ஒரு மனிதன் தேவைப்பட்டான். இழை அறுந்தால் ஒட்ட, பஞ்சின் குணத்துக்குத் தக்கபடி ஓட்டத்தைத் திருத்த, சத்தத்தைக் கேட்டே கோளாறைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்கள் மறுபடி சேர்ந்தார்கள். 1870-ல் லங்காஷயர் நூற்பாளிகள் தங்கள் ஊர்ச் சங்கங்களை ஒன்றாக இணைத்தார்கள். அந்தக் காலத்தில் பலம் வாய்ந்த சங்கங்களில் அது ஒன்றாக விளங்கிற்று. முதலாளி நினைத்த மாதிரி இரும்பு, மனிதனை விழுங்கிவிடவில்லை.

எஞ்சினுக்குள் ஒரு மில்

கடைசியாக ஒரு எஞ்சின். சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கிலக் கணிதமேதை 1822-ல் கணக்குப் போடும் யந்திரம் ஒன்றைத் தொடங்கினார். 1830-களில் அதைவிடப் பெரிய ஒன்றைத் திட்டமிட்டார். இரண்டுக்கும் அவர் வைத்த பெயர் ‘எஞ்சின்’. பெரிய எஞ்சினில் எண்களைச் சேமிக்கும் பகுதிக்கு ‘ஸ்டோர்’ என்று பெயர். கணக்கை அரைத்துத் தரும் பகுதிக்கு என்ன பெயர் தெரியுமா? ‘மில்’! உத்தரவு கொடுக்கத் துளை போட்ட அட்டைகள். அந்த அட்டை எங்கிருந்து வந்தது? நெசவாளியின் ஜக்கார்டு தறியிலிருந்து. பட்டு நெய்யும் தோழர்களுக்கு அந்த அட்டை கைப்பழக்கம்.

பாபேஜின் காலத்தில் அந்த எஞ்சின்கள் முழுதாகக் கட்டி முடியவில்லை. ஆனால் இன்றைய கம்ப்யூட்டருக்கு அது முன்னோடி. ‘கம்ப்யூட்டர்’ என்பதும் முன்பு மனிதனின் பெயர்தான். உட்கார்ந்து கணக்குப் போடும் ஆளுக்குக் கம்ப்யூட்டர் என்று பெயர். வேலையை யந்திரம் எடுத்துக்கொண்டது, பெயரையும் எடுத்துக்கொண்டது!

1990-களிலிருந்து ‘சர்ச் எஞ்சின்’ என்று ஒன்று வழங்குகிறது. தமிழில் தேடுபொறி. செல்போனில் நம் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் அது எடுத்துக் கொடுக்கிறது. இப்போது கேட்டதற்குப் பதிலே எழுதித் தரும் யந்திரங்களும் வந்துவிட்டன. அந்தப் பதில்கள் எங்கிருந்து வருகின்றன? உலகமெங்கும் கோடிக்கணக்கான ஜனங்கள் எழுதியதிலிருந்து, படித்துச் சொன்னதிலிருந்து, கற்றுக்கொடுத்ததிலிருந்து. கரும்புக் கொப்பரை முன் நின்றவனின் அறிவு ஆலைக்குள் போன மாதிரி, இவர்களுடைய அறிவு இந்த எஞ்சினுக்குள் போயிருக்கிறது. சாறு நம்முடையது. கொப்பரைக்கு மட்டும் சொந்தக்காரன் வேறு.

மூன்று கேள்விகள்

தோழர்களே! யந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கொட்டையைக் கையால் எடுத்துக்கொண்டு கிடக்க யாருக்கு ஆசை? ஏற்றம் மிதித்துக் கால் ஓய்ந்த நம் தாத்தாமாரைக் கேட்டால், ஆயில் எஞ்சின் வந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்று சொல்லியிருப்பார்கள். கதிர் அறுக்கும் மெஷின் வயலில் இறங்கினால், குனிந்து குனிந்து ஒடிந்த இடுப்புக்கு ஓய்வு கிடைக்க வேண்டும். அறுத்த குடும்பத்துக்குச் சோறு போய்விடக்கூடாது. ஆகவே புது மெஷின் வரும்போதெல்லாம் மூன்று கேள்விகளை நாம் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: இந்த மெஷின் வந்தால் எத்தனை பேருக்கு வேலை போகும், அவர்களுக்கு என்ன ஏற்பாடு? இரண்டாவது கேள்வி: மிச்சமாகும் நேரமும் கூடுதலாக வரும் லாபமும் யாருக்கு? எட்டு மணி வேலை ஏழாகுமா, அல்லது ஒருவன் தலையில் இருவர் பாரம் ஏறுமா? மூன்றாவது கேள்வி: இதை ஓட்டவும் பழுது பார்க்கவும் யாருக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள்? நம்மைப் பக்கத்தில் நிற்கும் ‘கை’யாக வைக்கப் போகிறீர்களா, அதைத் தெரிந்த ஆளாக ஆக்கப் போகிறீர்களா?

மூன்றாவது கேள்வியை இளைஞர்கள் விட்டுவிடாதீர்கள். தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம். ஸ்டீபன்சனுக்குப் பதினெட்டு வயதில் கிடைத்த இரவுப் பாடம் நமக்கு எந்த வயதிலும் கிடைக்கலாம்.

அந்தப் பஞ்சாலைப் பேச்சுவார்த்தையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறோம். இரண்டாவது தடவை போனபோது அந்தத் தோழர் வாயைத் திறந்தார். ‘சார், பிரேம் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், எந்தக் கதிரில் டேப் தளர்ந்திருக்கிறது என்று நான் சொல்வேன். மழைநாளில் இழை ஏன் அதிகம் அறுகிறது என்று சொல்வேன். உங்கள் புது மெஷின் வந்த முதல் வாரம், கம்பெனி ஆள் வரும்வரை அதை ஓட வைத்தது யார்? நாங்கள்தானே! நின்றதற்கா அது? எங்கள் தலைக்குள் இருப்பதற்குக் கூலி கொடுங்கள்!’ என்றார்.

அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. கூலியில் பாதியளவு உயர்வு கிடைத்தது. வேலைப்பளுவைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் ‘சும்மா நிற்கிறான்’ என்ற வார்த்தை அந்த மேஜையில் மறுபடி வரவில்லை.

எஞ்சின் என்றால் மனிதனோடு கூடப் பிறந்த புத்தி. இனி ரயில் கூவும்போதும், கிணற்றடியில் ஆயில் எஞ்சின் ‘டப டப’ என்று அடிக்கும்போதும், அந்த முதல் அர்த்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.